32, 64, 128, 256: வன்னியில் ஓடும் வாகனத்தின் டாஷ் கமராவுக்கு எந்த மெமரி கார்ட்?

டாஷ் கமரா வாங்கப் போகிறவர்கள் கமராவைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மெமரி கார்ட் கடைசியில் கடைக்காரர் எடுத்துத் தருவதாக இருக்கிறது. பொலிஸுக்கோ காப்புறுதிக்காரருக்கோ வீடியோ காட்டவேண்டி வரும்போது கையில் இருப்பது கார்டில் மிஞ்சியது மட்டும்தான். அதனால் அளவை யோசித்து எடுங்கள்.

டாஷ் கமரா நிறுத்தாமல் பதிந்துகொண்டே இருக்கும். கார்ட் நிரம்பியதும் பழைய வீடியோத் துண்டை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். ஃபுல் எச்டி தரத்தில் செக்கனுக்கு 16 மெகாபிட் பதியும் கமரா ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 ஜீபி எடுக்கும். அப்படிப் பார்த்தால் 32 ஜீபி நாலு மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும். 64 ஜீபி எட்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும், 128 ஜீபி பதினேழு வரை போகும். 4கே கமரா என்றால் கணக்கே வேறு: செக்கனுக்கு 40 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 18 ஜீபி. அதில் 64 ஜீபி மூன்றரை மணித்தியாலம்தான். பின்பக்கக் கமராவும் பொருத்தியிருந்தால் இன்னும் குறையும்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஓர் எயார்போட் ஹயர் போகிறீர்கள் என்று வையுங்கள். இரவு வெளிக்கிட்டு, ஆளை இறக்கி அல்லது ஏற்றி, அப்படியே திரும்பி வருவது. போய்வர ஓட்டம் மட்டும் பன்னிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். 32 ஜீபி கார்டில் புளியங்குளத்தில் பதிந்தது, சிலாபத்தை நெருங்கும்போது அழியத் தொடங்கிவிடும்.

பலமாக இடிபட்டால் கமராவின் அதிர்வு உணரி அந்தத் துண்டை அழியாமல் பூட்டி வைக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் இடிபடாத சம்பவங்கள்தான் பெரிய வில்லங்கம். முந்திப்போன மோட்டார் சைக்கிள்காரர் பின்னால் எங்கோ தடுமாறி விழுந்திருப்பார், உங்களுக்குத் தெரியாது. வீதியோரம் காயப்போட்ட நெல்லுக்கு விலகப் போய், எதிரே வந்தவருக்கு உரசியிருக்கும். மறுநாள் ஒருவர் வந்து ‘உங்கட வான்தான்’ என்பார். உணரி அதை உணரவில்லை, வீடியோ பூட்டப்படவில்லை. இடித்த கணமே தெரிகிற விபத்துக்குச் சின்னக் கார்ட் போதும். ஒரு நாள் கழித்துத் தெரியவரும் விஷயத்துக்குத்தான் பெரிய கார்ட் வேண்டும். ‘நடந்ததிலிருந்து நான் வீட்டுக்கு வந்து வீடியோவைப் பிரதி எடுக்கும்வரை எத்தனை மணித்தியாலம் ஓடியிருப்பேன்?’ என்று கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

பூட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏ9 வீதி சீரானது. உள்ளே இறங்கினால் கிரவல் வீதியும் குழியும். உணரியின் உணர்திறனைக் கூட்டி வைத்திருந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு துண்டு பூட்டப்படும். பூட்டிய துண்டுகள் வழக்கமான சுழற்சியில் அழியா. 32 ஜீபி கார்டில் பாதியை இவை பிடித்துக்கொண்டால் மிச்சம் இரண்டு மணித்தியாலம்தான். கிராம வீதிகளில் ஓடுகிறவர்கள் உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

கார்ட் சின்னது என்பதற்காக வீடியோவின் தரத்தைக் குறைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானை குறுக்கே நிற்கும். கட்டாக்காலி மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும். அந்த இருட்டில் முன்னால் போன ரிப்பரின் இலக்கத்தகடு வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றால் தரத்தில் கைவைக்கக் கூடாது.

அடுத்தது ஆயுள். இதைப் பலர் கவனிப்பதேயில்லை. ஒரே ஓட்டத்துக்கு 32 ஜீபி கார்ட் 128 ஜீபி கார்டைவிட நாலு மடங்கு தடவை அழித்து எழுதப்படும். அதனால்தான் சான்டிஸ்க் தனது ‘ஹை எண்டியூரன்ஸ்’ (ஓயாத பதிவைத் தாங்கும்) கார்டுகளில் 32 ஜீபிக்கு 2,500 மணித்தியாலப் பதிவு, 64க்கு 5,000, 128க்கு 10,000 என்று குறிப்பிடுகிறது. நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடும் ஹயர் வானுக்கு அது முறையே 250 நாள், 500 நாள், 1,000 நாள். சாம்சங்கின் ‘ப்ரோ எண்டியூரன்ஸ்’ இதைவிடக் கூடிய மணித்தியாலம் சொல்கிறது. போனுக்கென்று விற்கும் சாதாரண கார்ட் இந்த ஓயாத எழுத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதே காசுக்குச் சாதாரண 256 ஜீபியும் எண்டியூரன்ஸ் 128 ஜீபியும் கிடைத்தால் நான் யோசிக்காமல் 128ஐத்தான் எடுப்பேன்.

256 யாருக்கு? 4கே கமராவோடு கொழும்புக்கு அடிக்கடி ஓடுகிறவருக்கு. நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதியவேண்டும் என்பவருக்கு. மற்றவர்களுக்கு அது மேலதிகச் செலவு. வவுனியா டவுனுக்குள் ஓடும் ஆட்டோவுக்கு 64 ஜீபி எண்டியூரன்ஸ் தாராளம். 32 ஜீபியை, கமரா அதற்குமேல் ஏற்காது என்றால் மட்டும் வாங்குங்கள். சில பழைய கமராக்கள் அப்படித்தான், பெட்டியில் போட்டிருக்கும் உச்ச அளவை முதலில் பாருங்கள். எந்த அளவானாலும் போட்டவுடன் கமராவிலேயே ஃபோர்மட் செய்யவேண்டும்.

வேகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கார்டில் யூ3 அல்லது வி30 என்ற வேகக் குறி போட்டிருந்தால் 4கேக்கும் போதும். 170, 200 என்று பெரிதாக அச்சடித்திருப்பது வாசிக்கும் வேகம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

போலிக் கார்டில் மட்டும் விழிப்பாக இருங்கள். 128 என்று காட்டும், உள்ளே 16 ஜீபிகூட இருக்காது. நிரம்பும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், பிறகு வீடியோ திறக்காது. வாங்கிய அன்றே கணினியில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளால் முழுதாக எழுதி வாசித்துப் பாருங்கள். பெரிய கார்டுக்குச் சில மணித்தியாலம் எடுக்கும். பிழை காட்டினால் பற்றுச்சீட்டோடு அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு சின்னக் கார்டையும் ஃபோர்மட் செய்து டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள், 32 ஜீபி என்றாலும் பரவாயில்லை. ஏதும் நடந்தால் கமராவை நிறுத்தி, ஓடிய கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு பொலிஸுக்குப் போகலாம்.