கொடைக்கானல் டூர் பேக்கேஜ் என்று சொல்லி 18,600 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், மலைக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கொடைக்கானல் வெள்ளி நீர்வீழ்ச்சியைப் பார்க்க டிக்கெட் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் மெயின் ரோட்டின் ஓரத்திலேயே விழுகிற அருவி அது, ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகவே தெரியும். அந்த அருவிக்கு "ஸ்பெஷல் என்ட்ரி" என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். ரூம், வேன், இ-பாஸ் (மலைக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி), பூங்கா டிக்கெட் எல்லாம் சேர்த்து மொத்தம் 18,600 ரூபாய். ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. நேற்று இரவுதான் திருச்சிக்கு வந்து சேர்ந்தோம், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணமே. கல்யாணமான புதிதில் அப்பாவோடு பிரையண்ட் பூங்காவில் கண்ணாடி மாளிகை பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது, அப்பா போன பிறகு அந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கும் லீவு. அந்தச் சமயத்தில்தான் போட்டோவும் குட்டி வீடியோவும் போடுகிற ஒரு சமூக வலைத்தளத்தில் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கொடைக்கானல் ஃபேமிலி பேக்கேஜ், இரண்டு இரவு, ஐந்து பேர், கொடை ரோடு ரயில் நிலையத்திலிருந்து வேன், பிரையண்ட் பூங்கா, செட்டியார் பூங்கா, ரோஜாப் பூங்கா, கோக்கர்ஸ் வாக், வெள்ளி நீர்வீழ்ச்சியில் குளியல், தலையாறு அருவி அடிவாரம் வரை ஜீப். பக்கம் முழுக்க மலைப் படங்கள், கீழே "சூப்பர் சர்வீஸ் ப்ரோ", "அடுத்த வருஷமும் உங்ககிட்டதான்" என்று வரிசையாகப் பாராட்டு.

போன் போட்டேன். எடுத்தவன் முதல் வார்த்தையிலிருந்தே "அக்கா" தான். ரேட்டைப் பற்றிப் பேசவே இல்லை, யார் யார் வருகிறீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயசு, வண்டியில் வாந்தி வருமா என்றெல்லாம் கேட்டான். அம்மாவுக்கு முட்டி வலி என்றேன். உடனே, "அப்படின்னா கீழ் ரூம்தான் போடணும்க்கா, படிக்கட்டு வேண்டாம். கோக்கர்ஸ் வாக்குக்கு ரெண்டு பக்கமும் வாசல் இருக்கு, அம்மாவ ஒரு வாசல்ல இறக்கிட்டு அடுத்த வாசல்ல வண்டியோட நிக்கச் சொல்றேன், திரும்பி ஏறி நடக்க வேண்டியதில்ல" என்றான். அந்த ஊரைத் தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது. மறுநாள் அவனே கூப்பிட்டு, "அம்மாவுக்கு வெந்நீர் ரூம்லயே வர்ற மாதிரி சொல்லிட்டேன்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் என் மனசு முழுசாக அவனை நம்பியது. ஒரு வயசான அம்மாவின் முட்டி வலியைத் தூண்டில் முள்ளாகப் போட்டிருக்கிறான். பணம் போனதை விட இதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பணத்தை ஒரேயடியாகக் கேட்கவில்லை. முதலில் அட்வான்ஸ் 5,000. அனுப்பியதும் ஒரு வவுச்சர் வந்தது, லாட்ஜ் பெயர், ரூம் நம்பர், ரப்பர் ஸ்டாம்ப் சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. அப்புறம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். இதைத்தான் பிடித்துக்கொண்டான். "கோட்டா முடிஞ்சிடும்க்கா, கமர்ஷியல் வண்டிக்குத் தனி பாஸ், 1,200 போடுங்க, இப்பவே எடுத்துடறேன்." போட்டோம். அதற்கப்புறம் பூங்காக்களுக்கும் அருவிக்கும் வரிசையில் நிற்காமல் போக முன்பதிவு டிக்கெட் என்று 2,400. கிளம்புவதற்கு முந்தின நாள், "ஹோட்டல்காரங்க ஃபுல் பேமென்ட் கேக்கறாங்க, இல்லன்னா ரூம வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்" என்று மீதி 10,000. ஆக 18,600. ஒவ்வொரு தடவையும் யுபிஐயில் வேறு வேறு பெயர் வந்தது, கேட்டதற்கு "எங்க அக்கவுன்டன்ட்", "ஹோட்டல் ஓனர் பையன்" என்று பதில் தயாராக இருந்தது.

விடியற்காலை கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். வேன் இல்லை. கூப்பிட்டால், "டிரைவர் செம்பட்டி தாண்டிட்டாரு, டீ குடிச்சிட்டு இருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "டயர் பஞ்சர்." அதற்கப்புறம், "வேற வண்டி அனுப்பறேன், நம்பர் அனுப்பறேன்." ஒரு நம்பரும் வந்தது, அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல். பிள்ளைகள் பெஞ்சில் தூங்க, அம்மா பையின் மேல் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏற ஆரம்பித்த பிறகு அவன் போன் அடிக்கவே இல்லை, மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. படிக்கிறான், பதில் போடவில்லை.

கடைசியில் ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்சியைப் பேசினோம். அந்த ஓட்டுநர் அண்ணன் முதலில் கேட்டதே, "இ-பாஸ் எடுக்கணும்மா, உங்க ஊர், எத்தன பேர், எங்க தங்கறீங்க சொல்லுங்க." எடுத்தாச்சு என்று நான் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுல போட்டிருக்கற வண்டி நம்பர் எந்த வண்டிது? நான் என் வண்டிக்கு எடுக்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் தன் போனிலேயே அங்கேயே நின்று எடுத்தார். ஒரு காசு கட்டவில்லை. இ-பாஸ் இலவசம். அரசாங்கத் தளத்தில் நம் போன் நம்பரைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அரசுப் பேருந்தில் போனால் அதுவும் தேவையில்லை. நான் கொடுத்த 1,200 ரூபாய் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

மலையேறும்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரிவதுதான் தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமானது. "இதோட அடிவாரத்துக்கு ஜீப்ல கூட்டிட்டுப் போறதா சொன்னாங்க" என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்க ரோடே கிடையாதும்மா. நடந்துதான் போகணும், அதுவும் அம்மாவால முடியற வேல இல்ல." இல்லாத ரோட்டில் ஜீப் ஓட்டப் பணம் வாங்கியிருக்கிறான்.

பெருமாள்மலை தாண்டினால் வெள்ளி நீர்வீழ்ச்சி. 180 அடி உயரத்திலிருந்து பாறையில் சரிந்து இறங்குகிறது, எதிரே கடைகள், சுற்றிலும் குரங்குகள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. நகராட்சி சுங்கச்சாவடி அங்கேதான் இருக்கிறது, இ-பாஸையும் அங்கேதான் பார்க்கிறார்கள். அங்கிருந்த ஊழியரிடம் அருவி டிக்கெட் என்று நான் வைத்திருந்ததைக் காட்டினேன். "யாருங்க இதக் குடுத்தது? இத வச்சு அருவிக்குப் பணம் வாங்கினாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொன்று, அது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்து வருகிற தண்ணீர். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய அந்த ஏரி இன்றைக்கு ஊருக்கு நடுவில் இருக்கிறது, ஊரின் அழுக்கெல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். அதில் பிள்ளைகளைக் குளிக்க வைப்பதாக விளம்பரம். பார்க்க அழகான அருவிதான், என் மகள் அங்கிருந்து நகர மாட்டேன் என்றாள், ஆனால் எனக்குத் தண்ணீரே கண்ணில் படவில்லை, கையில் இருந்த அந்தக் காகிதம்தான் தெரிந்தது.

லாட்ஜில் வவுச்சரைக் கொடுத்தோம். மேனேஜர் கையில்கூட வாங்கவில்லை. "எங்க சீல் இது இல்ல. எங்க போட்டோவ எடுத்துப் போட்டு ஏமாத்தறாங்க, போன வாரமும் ஒரு ஃபேமிலி வந்தாங்க" என்றார். தெரிந்திருக்கிறது இல்லையா, அப்படியானால் வாசலில் ஒரு போர்டு வைக்கக் கூடாதா, ஒரு புகாராவது கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "அது எங்க வேல இல்லம்மா, ரூம் வேணுமா வேண்டாமா?" சீசன் ரேட், பேக்கேஜில் சொன்னதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் மாடியில். அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

பூங்காக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் ஏமாற்ற ஒன்றுமே இல்லை. பிரையண்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1908-ல் வன அதிகாரி பிரையண்ட் அமைத்த 20 ஏக்கர் தோட்டம், இப்போது தோட்டக்கலைத் துறை கையில். வாசலில் கவுன்டர், சின்னத் தொகை, டிக்கெட், உள்ளே போகலாம். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் மட்டும் கூட்டமும் கட்டணமும் கூடும். செட்டியார் பூங்காவும் அப்படித்தான், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியிலேயே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் "முன்பதிவு டிக்கெட்"டைப் பார்த்த கவுன்டர் அம்மா, "இது நாங்க குடுக்கறது இல்ல கண்ணு" என்றார். ஐந்து பேருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்தோம், 2,400-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அம்மா கண்ணாடி மாளிகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், ஆனால் "எனக்காகத்தானே இவ்வளவு பணம் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை அப்படிச் சொல்ல வைத்தவனை நான் மன்னிக்க மாட்டேன்.

அந்தப் பக்கத்தின் முகப்பிலேயே இருந்த படம், ஒரு மலை முழுக்க நீலமாகக் குறிஞ்சி பூத்திருக்கும் படம், "இந்த வாரம் எடுத்தது" என்று போட்டிருந்தார்கள். கொடைக்கானலில் அது கடைசியாகப் பூத்தது 2018-ல், இனி 2030-ல்தான். டாக்சி அண்ணன்தான் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே பேச ஆரம்பித்தேன். வேறு நம்பரிலிருந்து அடித்ததும் எடுத்தான். நான் யார் என்று தெரிந்ததும் "அக்கா" காணாமல் போய், "மேடம், நீங்க வரலன்னு டிரைவர் ரிப்போர்ட் பண்ணியிருக்காரு, நோ ஷோவுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்றான். ஸ்டேஷனில் காத்திருந்த போட்டோவை அனுப்பினேன். "ஆபீஸ்ல பேசுங்க." ஆபீஸ் நம்பரில் ஒரு பெண், "ஏழு வேலை நாள்ல வந்துடும்." எந்தக் கணக்கில் என்று கேட்டதும் லைன் கட். அடுத்து என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, பாத்து அனுப்பியிருக்கணும்." பணத்தைப் பிடுங்கியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அந்த வலைத்தளத்தில் புகார் கொடுத்தால், எங்கள் விதிமுறைகளை இந்தப் பக்கம் மீறவில்லை என்று ஒரு தானியங்கிப் பதில். 18,600 ரூபாய் திருடுவது எந்த விதியையும் மீறவில்லையாம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், நம்பர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் நகரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பு இல்லை. இவ்வளவுதான்: இ-பாஸுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பூங்கா டிக்கெட்டை வாசலில் வாங்குங்கள். லாட்ஜுக்கு நேரடியாக, வேறு இடத்திலிருந்து நம்பர் எடுத்துப் போன் போட்டு, உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மீதிப் பணத்தை அனுப்புங்கள். பணம் போன உடனேயே 1930-க்கு அடியுங்கள், அவன் சமாதானம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், பணம் அடுத்த கணக்குக்கு மாறிவிட்டால் பிடிப்பது கஷ்டம் என்று அங்கே பேசியவர் சொன்னார். ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

அந்தப் பக்கம் இன்றைக்குக் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வெள்ளி நீர்வீழ்ச்சி வீடியோ, "இன்னும் மூன்று குடும்பத்துக்குத்தான் இடம்" என்று புது விளம்பரம். இதே மாதிரி கொடைக்கானல் பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே 1930-ல் உங்கள் புகாரையும் பதியுங்கள், எந்த யுபிஐ பெயருக்கு அனுப்பினீர்கள் என்பதைக் கட்டாயம் அதில் சொல்லுங்கள்.