எஃப்.டி.பி.யில் பேரழிவு ஆயுதங்கள்: உரையா, ஒத்திகையா, கோப்பா?

ஒரு நாள் எஃப்.டி.பி. (கல்லூரி ஆசிரியர்களுக்கான மேம்பாட்டுப் பயிற்சி), ஆறு மணி நேரம், 24 பேராசிரியர்கள். அரசியல் அறிவியலோடு விலங்கியல், புவியியல், வணிகவியல் ஆட்களும் இருப்பார்கள். இவர்களுக்குப் பேரழிவு ஆயுதங்களையும் உலகப் பாதுகாப்பையும் நடத்த மூன்று வழிகள் உண்டு: நிபுணர் உரை, நெருக்கடி ஒத்திகை, ஒரே சம்பவத்தின் ஆவணங்களைக் கோப்பாக்கிப் பிரித்துப் படிப்பது. எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு.

உரைக்குச் செலவு குறைவு, ஒரு புரொஜெக்டர் போதும். அணு, ரசாயன, உயிரி ஆயுதங்களை ஒரே மூட்டையாகக் கட்டும் பழக்கத்தை அது உடைக்கும். ஹிரோஷிமாவில் 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். 1995 டோக்கியோ சுரங்க ரயில் சாரின் நச்சு வாயுத் தாக்குதலில் இறந்தவர்கள் 14 பேர். சட்டமும் மூன்று விதம். 1970இல் நடைமுறைக்கு வந்த அணுப் பரவல் தடை ஒப்பந்தம் ஐந்து நாடுகளுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. 1997இன் ரசாயன ஆயுத உடன்படிக்கை எல்லோருக்கும் தடை, ஹேக் நகரிலிருந்து ஆய்வாளர்களும் வருவார்கள். 1975இன் உயிரி ஆயுத உடன்படிக்கையில் தடை உண்டு, ஆய்வாளர் கிடையாது. இதற்கு 45 நிமிடம் போதும். நாள் முழுக்க இழுத்தால் ஆண்டுகள்தான் மிஞ்சும், அவையும் மறுவாரமே ஒரு மதிப்பெண் வினாக்களாகிவிடும்.

ஒத்திகைக்கு வழக்கமான தேர்வு 1962 கியூபா நெருக்கடி: கியூபாவில் சோவியத் யூனியன் வைத்த அணு ஏவுகணைகளுக்காக அமெரிக்கா மோதிய நாள்கள். வெள்ளை மாளிகை, முப்படைத் தளபதிகள், மாஸ்கோ, ஹவானா என ஆறாறு பேராக நான்கு குழு. சுற்றுக்கு 30 நிமிடம். துறைத்தலைவர் அமெரிக்க அதிபர் கென்னடியாக உட்கார்ந்தால், அவர் துறை உதவிப் பேராசிரியர் தளபதியாக எழுந்து மறுத்துப் பேசமாட்டார், ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும் என்பது அடுத்த சிக்கல். பலன் முழுக்க இறுதி அலசலில்தான். தீவில் சோவியத் படையினர் சுமார் 10,000 பேர் என்று வாஷிங்டன் கணித்திருந்தது, இருந்ததோ 40,000க்கு மேல். குறுந்தூர அணு ஆயுதங்களும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. படையெடுப்புக்கு வாதாடியவரிடம் இந்தத் தகவல்களை எழுதி நீட்டினால் அறை அமைதியாகும். ஆனால் அலசலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், சான்றிதழ் வழங்க நேரமாகிவிட்டது என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

கோப்பு வழிக்கு ஸ்வெர்ட்லோவ்ஸ்க், 1979: ஒரு சோவியத் நகரில் திடீரெனப் பரவிய ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய். இன்றைய ரஷ்யாவின் எகாதெரின்பர்க். குழுவுக்கு நான்கு உறைகள், வரிசை மாறக்கூடாது.

முதல் உறையில் சோவியத் விளக்கம்: நோயுற்ற மாட்டின் இறைச்சியால் ஆந்த்ராக்ஸ். 20 நிமிடம் நம்ப விடுங்கள். ஹார்வர்ட் உயிரியலாளர் மேத்யூ மெசெல்சனே ஒரு காலத்தில் அதை ஏற்கத்தக்கது என்றவர். இரண்டாவதில் பிரேதப் பரிசோதனைக் குறிப்பு: மார்பின் நிணநீர் முடிச்சுகளில் ரத்தக்கசிவு. உண்டது இல்லை, சுவாசித்தது என்று விலங்கியல்காரர் பிடித்துவிடுவார்.

மூன்றாவது வரைபடம், கோப்பின் உயிர். முதலில் நோயாளிகளின் வீடுகளை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பிறகு ஏப்ரல் 2, திங்கள் பகலில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற பட்டியலைக் கொடுங்கள். புள்ளிகள் ராணுவ வளாகத்திலிருந்து நகரின் தென்கோடி வரை, சுமார் 4 கிலோமீட்டர் நீளக் கீற்றாகச் சேரும். அன்றைய காற்றும் அதே திசை. அதே கோட்டில் 50 கிலோமீட்டர் வரை ஆடு மாடுகள் செத்தன.

நான்காவதில் 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின், ராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டதும், குறைந்தது 66 மரணங்களும், உயிரி ஆயுத உடன்படிக்கையின் 6ஆம் பிரிவும். புகாரை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது அந்தப் பிரிவு. அங்கே வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்) யார் கையில் என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சிலர் வாரங்கள் கழித்து நோயுற்றதால், கெட்ட இறைச்சி தொடர்ந்து விற்றிருக்கலாம் என்று யாராவது வாதாடுவார். ஆந்த்ராக்ஸ் கிருமியின் நுண்வித்துகள் நுரையீரலில் பல வாரங்கள் உறங்கிக் கிடக்கும் என்ற பதில் கைவசம் இருக்கட்டும். ‘எப்படித் தயாரித்தார்கள்’ என்ற கேள்வி வந்தால், கோப்பு ‘எப்படிக் கண்டுபிடித்தார்கள்’ என்பதற்கு மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள்.

அணு அச்சுறுத்தல் சமநிலை, அதாவது பதிலடிக்குப் பயந்து இருதரப்பும் அணுகுண்டு போடாமலிருப்பது, இந்தக் கோப்பில் வராது. அதற்காகத்தான் காலையில் 45 நிமிட உரை. கோப்புக்கு மூன்று மணி நேரம், மிச்ச நேரத்தில் அவரவர் பாடத்துக்கு ஒரு வகுப்புத் திட்டம். கியூபாவை இரண்டு நாள் கிடைத்தால் பார்க்கலாம். வணிகவியல்காரர் தனக்கு இதில் ஒன்றுமில்லை என்பார். இரட்டைப் பயன் (சாதாரணப் பயன்பாட்டுக்கும் ஆயுதத்துக்கும் உதவும்) பொருள்களின் ஏற்றுமதிக்கு இந்தியா வைத்திருக்கும் ஸ்கோமெட் பட்டியலில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, உரிமம் கேட்டு வரும் வாங்குபவரிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.