புலம்பிப் புலம்பியே இங்கிலீஷ் பழகிய ஒன்றரை வருடம்

உரையாடல் வழியாக ஆங்கில மரபுத்தொடர் சொல்லித்தரும் ஒரு செயலியை ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். சேரலாமா என்று நண்பர் கேட்டார், அதனால் எழுதுகிறேன். இரண்டு ஊழியர்கள் ஆபீஸ் தொல்லைகளைப் பேசிக்கொள்வார்கள், நடுவில் நிறுத்தி நம்மைப் பதில் சொல்லச் சொல்லும், அவ்வளவுதான்.

புலம்பலோடு சேர்த்துக் கற்றது மறப்பதே இல்லை, இதை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த தொடர் ஒன்றுகூட எனக்கு வாயில் வந்ததில்லை. ஆனால் 'பாஸ் த பக்' என்பது, ஒருவர் தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிற காட்சியோடு வந்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டது. போக்கர் ஆட்டத்தில் அடுத்து யார் சீட்டுப் போட வேண்டும் என்று காட்ட வைக்கிற அடையாளத்துக்குப் பெயர் பக். அமெரிக்க அதிபர் ட்ரூமன் மேசையில் 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று பலகை வைத்திருந்தாரே, பொறுப்பு என்னோடு நிற்கிறது என்று, அது இந்த பக்தான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். யார் யாரிடம் சொல்லலாம், எந்த நாட்டில் என்ன பொருள் என்று ஒரு வார்த்தை கிடையாது. 'டேபிள்' என்றால் பேச்சுக்கு எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தது. பிரிட்டனில் அப்படித்தான், அமெரிக்காவில் நேர் எதிர், ஒத்திப்போடுவது. அமெரிக்க மேலாளர் மீட்டிங்கில் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றதும் நான் ஃபைலைத் திறந்து என் பிரச்சினையை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மூன்று வாரம் தயார் செய்த விஷயம் அது.

'ட்ராப் த பால்' கதையும் இதேதான். "ஐ ட்ராப்ட் த பால்" என்றால் நம் தப்பை நாமே ஒப்புக்கொள்வது, நல்ல பெயர்கூட கிடைக்கும். அதையே 'யூ' போட்டு மேலதிகாரியிடம் சொன்னால் நேரடிக் குற்றச்சாட்டு. செயலி இரண்டுக்கும் 'சொதப்புதல்' என்று ஒரே பொருள் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன், "பரிசீலிக்கிறோம்" என்று ஒரே பதில்தான் இரண்டு தடவையும் வந்தது.

இன்று நான் தயங்காமல் பேசுவதில் பாதிக்கு மேல் இந்தச் செயலி கொடுத்தது, மறுக்க மாட்டேன். ஆனாலும் இப்போதைக்குச் சேர வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன், என் சந்தாவையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தொடருக்கும் கீழே ஒரே ஒரு வரிக் குறிப்பு சேர்க்கட்டும், மறுநாளே திரும்பச் சேர்வேன்.