இருபது ஆண்டுகளாகப் பழைய புத்தகக் கடைகளில்

என் அலமாரியில் உள்ள புத்தகங்களில் முக்கால்வாசிக்கு நான் இரண்டாவது வாசகன், சிலவற்றுக்கு மூன்றாவது. இருபது ஆண்டுகளாக என் வாசிப்புக்குத் தீனி போட்டு வருபவை பழைய புத்தகக் கடைகள்தான்.

ஆரம்பத்தில் சட்டைப் பையில் ஒரு பட்டியலோடு போவேன். பட்டியலில் இருந்த ஒன்றுகூடக் கிடைக்காமல் மனம் சலித்துத் திரும்பிய நாட்கள் அதிகம். பிறகு பட்டியலை விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் அந்தக் கடைகள் எனக்குப் பிடிபட்டன. ஒருவர் வீட்டு நூலகம் மொத்தமாகக் கடைக்கு வரும்போது, அந்த வரிசை கலையாமல் சில நாட்கள் அப்படியே அடுக்கில் இருக்கும். ஒரே கையெழுத்து, ஒரே மை. அப்படி ஒருமுறை பச்சை மையில் இரண்டே எழுத்துகள் போட்ட மூன்று புத்தகங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. மேகங்களைப் பற்றி ஒன்று, கடல் நீரோட்டங்களைப் பற்றி ஒன்று, கயிற்றில் முடிச்சுப் போடும் முறைகளைப் பற்றி ஒன்று. அவர் கடலோடியா, கடலைப் பற்றிக் கனவு கண்டவரா, தெரியவில்லை. மூன்றையும் வாங்கி வந்தேன். அந்த ஆண்டு முழுவதும் கடலைப் பற்றியே படித்தேன். முன்பின் அறியாத ஒருவர் தன் ஆர்வத்தை எனக்குக் கைமாற்றிவிட்டுப் போயிருந்தார். இந்த அனுபவத்துக்காகவே இன்றும் தூசி நிறைந்த அடுக்குகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதை வாங்கலாம் என்பதை இப்போது கையே சொல்லிவிடுகிறது. முதலில் புத்தகத்தின் முதுகை மேலிருந்து பார்ப்பேன். 16 பக்கம், 32 பக்கம் என்று மடித்த தாள்கட்டுகளை (அச்சகத்தில் ‘பாரம்’ என்பார்கள்) சேர்த்துத் தைத்திருந்தால் நிம்மதி. வெறும் பசையால் ஒட்டியதென்றால் நடுவில் மெதுவாகத்தான் திறப்பேன். காய்ந்த பசை அங்கேயே படீரென்று விட்டுவிடும். இருபது ஆண்டுகளில் என்னிடம் தாள் தாளாக உதிர்ந்தவை அனேகமாக எல்லாம் ஒட்டுப் பைண்டிங்தான். தையல் போட்டவை அட்டை போன பிறகும் குலையாமல் நிற்கின்றன.

பதிப்பு விவரப் பக்கம் கிழிந்திருந்தால், ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனி அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண் கைகொடுக்கும். அந்த எண்முறை 1970இல்தான் சர்வதேசத் தர அளவாக வந்தது. 2007 தொடக்கத்தில் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கத்துக்கு மாறியது. 10 இலக்க எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய பதிப்பு என்று கொள்ளலாம்.

தாள் பழுத்திருப்பதைக் கண்டு நான் பின்வாங்குவதில்லை. மரக்கூழில் செய்த தாளில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. அது சிதையும்போது வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலின் உண்டாகிறது. பழைய புத்தகத்தின் இலேசான இனிப்பு வாசனையில் அதற்கும் பங்குண்டு. கந்தல் துணியிலிருந்து செய்த இருநூறு ஆண்டுப் பழைய தாள், ஐம்பது ஆண்டு ஆன மலிவுத் தாளைவிட வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வியந்திருக்கிறேன். மூலையைச் சிறிது வளைத்தாலே ஒடியும் தாளை மட்டும் வாங்க மாட்டேன். அமிலம் அதைத் தின்று முடித்திருக்கும்.

பூஞ்சை விஷயத்தில் இரக்கமே கூடாது. மக்கிய வாசனை அடித்த ஒரு நாவலை ஆசைப்பட்டு வாங்கி வைத்தேன். ஒரு மழைக்காலத்துக்குள் அதன் இருபக்கமும் இருந்த புத்தகங்களுக்குப் பூஞ்சை பரவிவிட்டது. இப்போது எதை வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்கிறேன். இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால், காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிடுவேன். வெளியே எடுத்த பிறகு குளிர் முழுவதும் தணியும்வரை பையைப் பிரிக்கக் கூடாது, தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

அடிக்கோடுகள் முதலில் எரிச்சலூட்டின. இப்போது அவற்றைத் தேடியே புரட்டுகிறேன். ஒரு தத்துவ நூலின் ஓரங்களில் யாரோ நாற்பது இடங்களில் ‘இல்லை’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முதல்முறையாக ‘ஆம்’. அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன்.

போன மாதம் அலமாரியில் இடம் இல்லாமல் சில புத்தகங்களைக் கடைக்கே திருப்பித் தந்தேன். பச்சை மைப் புத்தகங்கள் மூன்றையும் நூலால் சேர்த்துக் கட்டி, பிரிக்காமல் வைக்கும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். பச்சை எழுத்துகளுக்குக் கீழே என் எழுத்துகளையும் பென்சிலால் போட்டிருந்தேன். அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் வேறு புத்தகங்கள் இருந்தன. மூன்றும் ஒருவரிடமே போயின என்றார்.