அறிதுயில் சிகிச்சை: ஹட்டனா, கண்டியா?

மண்சரிவு எச்சரிக்கை வந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒருவரை ஆழ்ந்த தளர்வு நிலைக்குக் கொண்டுபோய்ப் பேச்சாலேயே உதவும் அறிதுயில் (ஹிப்னாஸிஸ்) சிகிச்சைக்கு இரண்டு இடங்களை விசாரித்தோம். ஹட்டனில் இணையவழிப் பயிற்சி முடித்து பிரிட்டன் சான்றிதழ் பெற்ற ஒருவர். கண்டியில் அறிதுயிலும் கற்ற மனநல வைத்தியர். கண்டிக்கே போனோம்.

செலவிலும் தூரத்திலும் ஹட்டன்தான் வசதி. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸிலேயே பாதி நாள் கரைந்துவிடும். மொழியும் அப்படியே. சொல்லே மருந்தாகும் சிகிச்சையில், கண்டி வைத்தியரின் தட்டுத்தடுமாறும் தமிழ் ஒரு குறைதான்.

ஆனால் தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது? என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கேள்விதான். அறிதுயிலில் எழும் நினைவு கண்ணெதிரே நடப்பதுபோல் தெளிவாக இருக்கும். ஆனாலும் பொய்யாக இருக்கலாம். அதை நம்பி வீட்டில் ஒருவர்மீது பழி விழுந்தால்? பிரிட்டனில்கூட ‘அறிதுயில் சிகிச்சையாளர்’ என்ற தொழிற்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, யாரும் வைத்துக்கொள்ளலாம். அங்கே 2008இல் தொடங்கிய சி.என்.எச்.சி. என்ற மாற்று, இயற்கை சிகிச்சையாளர் சபையின் பதிவேடு பயிற்சிக்கும் நடத்தைக்கும் தரம் விதிக்கிறது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். பெயரை நீக்கினாலும் தொழிலைத் தொடரலாம். அந்த நாட்டுச் சான்றிதழை ஹட்டனில் மாட்டிவைத்திருப்பவர்மீது நாம் எங்கே போய் எழுதுவது? வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபை இருக்கிறது. அதன் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கினால் வைத்தியராகத் தொழில் செய்ய முடியாது.

அமெரிக்காவில் 1957இல் மனநல வைத்தியர் மில்டன் எரிக்சன் நிறுவிய மருத்துவ அறிதுயில் சங்கமும் நலத்துறைத் தகுதி உள்ளவர்களுக்கே உரியது. அறிதுயில் இல்லாமல் சிகிச்சை செய்யத் தெரியாத நோயை அறிதுயிலால் தொடக்கூடாது என்பது இத்துறையின் பழைய விதி. அதன் பொருள் கண்டியில்தான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் வைத்தியர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லவே இல்லை. பிரஷர் மாத்திரை எந்த நேரம், இரவில் எத்தனை கோப்பை தேநீர் என்று கேட்டார். தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹட்டனில் விசாரித்தபோது, மூன்று அமர்வில் குணம் என்று உறுதி சொன்னார்கள்.

சபையில் பதிவு இருப்பதால் அறிதுயிலில் தேர்ச்சி வந்துவிடாது. அதை எங்கே கற்றார் என்று வைத்தியரிடமும் கேட்டோம், அவர் முகம் சுளிக்கவில்லை. நான்கு அமர்வுகள்தான் முடிந்திருக்கின்றன. அம்மா இப்போது பெரும்பாலும் தூங்குகிறார். அது சிகிச்சையாலா, மழை ஓய்ந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த தவணை வைகாசியில், தென்மேல் பருவமழை தொடங்கும் நேரத்தில்.