வட்ஸ்அப் பிசினஸ் செயலி: வெள்ளவத்தைப் புடைவைக் கடையொன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் ஆகிய நான்கையும் 'சமூக வலைத்தளம்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவதால்தான், சிறு வியாபாரிகளுக்கு எதில் எவ்வளவு நேரத்தைச் செலவிடுவது என்ற குழப்பம் வருகிறது. முதல் மூன்றும் ஆட்களைக் கூட்டுபவை. நான்காவது, ஒருமுறை கடைப்படி ஏறியவரை மறுமுறையும் வரவழைப்பது. வெள்ளவத்தையில் எங்கள் குடும்பம் நடத்தும் புடைவைக் கடையின் ஓடர்களையும் கணக்கையும் கவனிப்பவள் என்ற முறையில், இந்த நான்காவதின் வியாபாரப் பதிப்பான வட்ஸ்அப் பிசினஸ் செயலியையே இங்கு மதிப்பிடுகிறேன். மற்றவை ஒப்பிடுவதற்கு வேண்டிய அளவில் மட்டும் வரும்.

2018 ஜனவரியில் வெளிவந்த இந்தச் செயலி இலவசமானது. கையடக்கத் தொலைபேசி இலக்கம் மட்டுமல்ல, கடையின் நிலையான தொலைபேசி இலக்கத்தைக் கொண்டும் பதிவு செய்யலாம். உறுதிப்படுத்தும் குறியீட்டை அழைப்பின் மூலம் சொல்லிவிடுவார்கள். பல ஆண்டுகளாகப் பையிலும் பற்றுச்சீட்டிலும் அச்சடித்து வந்த அதே இலக்கத்துக்கு வாடிக்கையாளர் செய்தி அனுப்பலாம் என்பது, பழைய கடைகளுக்குச் சிறிய விடயமல்ல. கடையின் விலாசம், திறந்திருக்கும் நேரம், வரைபடத்தில் இருக்கும் இடம் ஆகியவற்றையும் பக்கத்திலேயே காட்டலாம்.

இதன் உண்மையான பலம் பொருட்பட்டியல்தான். 500 பொருட்கள் வரை படம், விலை, விபரம், குறியீட்டு இலக்கம் ஆகியவற்றுடன் ஏற்றி வைக்கலாம். வாடிக்கையாளர் தான் விரும்பியதைத் தெரிவு செய்து, ஒரே செய்தியாகக் கடைக்கு அனுப்பிவிடலாம். பட்டியல் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு விடயங்களில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று படம். கடைக்குள் இருக்கும் வெள்ளை விளக்கின் கீழ் எடுத்தால் அரக்கு நிறம் மண்ணிறமாகவும், மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகவும் தெரியும். 'படத்தில் பார்த்த நிறம் இதுவல்ல' என்று சேலை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காலையில் கடை வாசலில், வெயில் நேரே விழாத வெளிச்சத்தில், உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று என மூன்று படங்கள் எடுத்தால் பாதிக் கேள்விகள் வராமலே போய்விடும். மற்றது விலை. நம்மவர்களின் பேஸ்புக் பக்கங்களில் அழகான படத்தைப் போட்டுவிட்டு, 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்று எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்ற சந்தேகத்தையே அது வளர்க்கிறது. கடைக்குள் விலையைக் காட்சிப்படுத்தும் நாம், கைபேசித் திரையில் மட்டும் ஏன் அதை மறைக்க வேண்டும்? பட்டியலில் விலை தெரிந்தால், வாங்கும் எண்ணம் உள்ளவர் மட்டுமே பேச வருவார். பதில் எழுதும் நேரமும் மிஞ்சும்.

கொழும்பில் கடை நடத்துபவருக்கு மூன்று மொழிகளில் பதில் சொல்லும் வேலை எப்போதும் உண்டு. இதற்கு 'விரைவுப் பதில்' வசதி கைகொடுக்கிறது. விலாசம், வங்கிக் கணக்கு விபரம், அனுப்புவதற்கான கட்டணம், மாற்றிக் கொடுக்கும் நிபந்தனை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், சாய்கோட்டையும் ஒரு சிறு சொல்லையும் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும். இவ்வாறு 50 பதில்கள் வரை சேமிக்கலாம். சிங்களப் பதிலை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை திருத்தி வாங்குவது நல்லது. பிறகு கடையில் யார் இருந்தாலும் அதே மரியாதையான பதில் போகும். கடை பூட்டிய பின் தானாகப் போகும் செய்தியும் எங்களைப் போன்றோருக்கு மிக வேண்டியது. கனடாவில் இருந்து வெள்ளவத்தையிலுள்ள தாய்க்குப் பிறந்தநாள் சேலை அனுப்பச் சொல்பவர் எழுதும் நேரம், பெரும்பாலும் நமக்கு நடுநிசி. கோடையில் ரொரன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. 'காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் பதில் தருவோம்' என்ற ஒரு வரி போனால், அவர் வேறு கடை தேடுவதில்லை.

உரையாடல்களுக்கு நிறம் காட்டும் அடையாளங்களையும் இடலாம். புதிய ஓடர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது, முடிந்தது என்று செயலி தருபவையே சிறு கடைக்குப் போதும். ஆனால் 'பணம் வந்தது' என்ற அடையாளத்தை இடுவதற்கு முன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்லிப்பின் படத்தை நம்பிப் பொதியைக் கொடுத்துவிடக் கூடாது. படத்தில் இலக்கத்தை மாற்றுவது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை.

குறைகளும் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேரையே சேர்க்கலாம். அவர்களிலும் நமது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வந்த செய்தி யாரை எட்டவில்லை என்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். பணம் செலுத்தும் மேசையிலேயே, "எங்கட நம்பரைச் சேமிச்சு வையுங்கோ அக்கா, புதுசு வந்தால் படம் அனுப்புறம்" என்று கேட்டு வாங்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. அடுத்த தொல்லை குரல் பதிவுகள். "பிள்ளை, போன கிழமை காட்டின அந்த அரக்குக் கரை போட்ட சாறி இன்னும் இருக்கோ?" என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்பும் அம்மாமார்தான் எங்களின் நிலையான வாடிக்கையாளர், ஆனால் பேச்சைச் சொல் கொடுத்துத் தேட முடியாது. கேட்டவுடன் அதன் கீழே ஒரு வரியில் விபரத்தை எழுதி அனுப்பி, 'இதுதானே அம்மா?' என்று உறுதிப்படுத்துவது, பின்னர் ஏற்படும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்தச் செயலி தானாகப் புதிய ஆளைக் கொண்டு வராது என்பதே. அதற்குப் பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் வேண்டும். பணம் கட்டி ஒரு பதிவை விளம்பரமாக்கும்போது ஊர், சுற்றளவு, வயது ஆகியவற்றைத் தெரிவு செய்யலாம். 'செய்தி அனுப்புக' என்ற பொத்தானை நேரே கடையின் வட்ஸ்அப் இலக்கத்துடன் இணைக்கவும் முடியும். விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இந்தப் பொத்தான் வழியாக வந்து பேசுபவர்களை எண்ணுவதே வியாபாரம். எங்கள் கடைக்கு வந்த ஒரு விளம்பர முகவர், மாதக் கட்டணத்துக்கு ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார், சேர்த்தும் தந்தார். பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலானவை நம் நாட்டுப் பெயர்களே அல்ல. காலி வீதிக் கடைக்கு அவர்கள் எந்தப் பேருந்தில் வந்து இறங்குவார்கள் என்று கேட்டதற்கு, அவரிடம் பதில் இல்லை. விளம்பரச் செலவைக் கடனட்டையில் டொலர் கணக்காகச் செலுத்துபவர்கள் நாணய மாற்று வீதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, அதே விளம்பரத்தின் விலை ரூபாவில் எங்கே போயிற்று என்பது நினைவிருக்கும்.

இந்தச் சேவைகள் எந்த நேரத்திலும் நின்று போகலாம் என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்கத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் தடைசெய்யப்பட்டன. கடைசியாகச் சொன்னது சித்திரைப் புத்தாண்டுக்குப் பதினொரு நாள் முன்பு நடந்தது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி, அதாவது அந்த ஆண்டின் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் முடங்கின; மூன்றும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதால், ஒன்று விழுந்தால் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் அன்று போயிற்று. வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் அவர்களின் சம்மதத்துடன் தனியாக ஒரு கொப்பியிலோ கணினியிலோ இருந்தால், குறுஞ்செய்தியாவது அனுப்பலாம்.

என் தீர்ப்பு இதுதான்: வாடிக்கையாளரை முகம் தெரிந்து பழகும் புடைவைக் கடை, தையல் கடை, வீட்டில் பலகாரம் செய்து கொடுப்பவர், கேக் செய்பவர் ஆகியோருக்கு வட்ஸ்அப் பிசினஸ் செயலி மிகப் பொருத்தமானது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பதில் எழுத வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கும் இது போதாது. முதன்மைத் தொலைபேசியுடன் நான்கு கருவிகளைத்தான் இலவசமாக இணைக்க முடியும். தொடங்குபவர்கள் ஊழியரின் சொந்த இலக்கத்தில் பதிவு செய்ய வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போகும்போது வாடிக்கையாளர் பட்டியலும் அவரோடு போய்விடும். கடை உரிமையாளர் பெயரில் எடுத்த சிம் அட்டையில் பதிவு செய்து, ஆறு இலக்க இரகசியக் குறியீட்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.