பதிலுக்குக் காத்திருத்தல்: வகுப்பறையில் சமூக ஊடகம், ஆறு ஆண்டு அனுபவம்

இரவு எட்டு மணிக்குமேல் அந்தக் குரல் பதிவு வந்தது. முழுதாக ஒரு நிமிடம்கூட இல்லை. "டீச்சர், இன்று மாலை நான்கு மணிக்கு நிலாவைப் பார்த்தேன். பாதி நிலா. அந்தப் பக்கம் சூரியனும் இருந்தது. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் வானத்தில் இருக்கும்போது நிழல் எப்படி நிலாவின் மேல் விழும்?"

பேசியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. எட்டு மாதமாக என் அறிவியல் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பதிவை மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். பாடப்புத்தகம் சொல்லித்தராத ஒரு மறுப்பை, தன் கண்ணால் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் எழுப்பியிருந்தாள்.

வகுப்பறையில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தத் தொடங்கி எனக்கு இது ஆறாவது ஆண்டு. 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியில்லாமல் தொடங்கியது. பள்ளி திறந்த பிறகும் நான் அதை விடவில்லை. "மாணவர்களின் ஈடுபாடு கூடுகிறதா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கூடியது; ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்தால் அல்ல. படமும் காணொளியும் ஈமோஜியும் பிள்ளைகளைக் கவரும் என்று நம்பித்தான் இறங்கினேன். அவற்றின் கவர்ச்சி சில வாரங்களில் வடிந்துவிட்டது. வகுப்பறையில் என்னால் ஒருபோதும் கொடுக்க முடியாத ஒன்றை வாட்ஸ்அப் குழு கொடுத்தது: யோசிக்க நேரம்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து 1970களில் எழுதியதை ஆசிரியர் பயிற்சியின்போது படித்திருக்கிறேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார்கள், அல்லது தாங்களே விடை சொல்லிவிடுகிறார்கள். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். படித்தபோது தலையாட்டினேன். வகுப்பில் நின்றால் அந்த மூன்று நொடி மூன்று நிமிடமாகத் தெரியும். முன்வரிசையில் நான்கு கைகள் உயர்ந்துவிடும். பாடம் முடிக்க வேண்டிய அவசரமும் இருக்கும். அப்படியே பல ஆண்டுகள் போயின.

முதல் ஆண்டு குழுவிலும் அதே தவற்றைத்தான் செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் 36 மாணவர்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டேன். கேள்வியைப் போடுவேன், முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஒரு நட்சத்திரம். அரை நிமிடத்தில் ஐந்தாறு பேர் விடையைப் போட்டுவிடுவார்கள், எப்போதும் அதே ஐந்தாறு பேர். மற்றவர்கள் கட்டைவிரல் படத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரே இரவில் இருநூறு செய்திகள் குவிந்த நாட்களும் உண்டு. அந்த இரைச்சலை ஈடுபாடு என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆண்டிறுதியில் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று உட்கார்ந்து எண்ணினேன். வகுப்பறையின் பின்வரிசை குழுவிலும் பின்வரிசையாகவே இருந்தது.

இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் மெதுவாக்கினேன். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை இட்டேன். வாரத்துக்கு இரண்டே கேள்விகள், திங்கள் மாலை ஒன்று, புதன் மாலை ஒன்று. பதிலைக் குழுவில் போடக் கூடாது. பள்ளிக்கென வாங்கிய தனி எண்ணுக்கு அனுப்ப வேண்டும். எழுத்தாகவோ குரலாகவோ படமாகவோ இருக்கலாம். கெடு மறுநாள் காலை. வரும் பதில்களில் ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து, சரியும் தவறும் கலந்து, பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதுவேன். வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் அவற்றைப் பற்றிய விவாதம். யார் எழுதியது என்று தெரியாததால் எல்லாப் பதில்களையும் எல்லோரும் தயங்காமல் உரசிப் பார்த்தார்கள். தன் பதிலைத் தானே எதிர்த்துப் பேசி மனம் மாறிய பிள்ளைகளையும் கண்டேன்.

தனி எண் ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் பலர் சறுக்குகிறார்கள். ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் மற்றவர் அறியாமல் தனியே செய்தி பரிமாறிக்கொள்வது, எவ்வளவு நல்ல நோக்கமானாலும், சரியான ஏற்பாடு அல்ல. வாட்ஸ்அப்பில் ஒரே கணக்கை மேலும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். பள்ளி எண்ணை என் கணினியிலும் சக ஆசிரியையின் கணினியிலும் இணைத்து வைத்தோம். எந்தச் செய்தியையும் இருவருமே பார்க்க முடியும் என்று பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிட்டோம். இந்த ஒரு முடிவுதான் அன்றிலிருந்து இன்றுவரை நிம்மதியாக ஓட வைத்தது.

நிலாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இத்தனை ஆண்டுகளில் நான் நடத்திய சிறந்த பாடம் அதுதான். முப்பது நாள் பணி. தினமும் நிலாவைத் தேடி ஒரு படம் எடுத்து, நேரம், திசை, அடிவானத்திலிருந்து எத்தனை கைமுட்டி உயரம் என்று எழுதி அனுப்ப வேண்டும். கையை நீட்டி மடக்கிய முட்டி வானத்தில் ஏறக்குறைய பத்து பாகை அளவை மறைக்கும். வேறு கருவி தேவையில்லை. மங்கலான படங்கள்தான் வந்தன, வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும் படங்கள். முதல் வாரம் சோர்வாகப் போனது. பௌர்ணமிக்குப் பின்தான் வகுப்பு சூடுபிடித்தது. "ஏழு மணிக்குப் பார்த்தேன், நிலா இல்லை", "எட்டு மணிக்கும் இல்லை" என்று புகார்கள் வந்தன. நிலா நாளொன்றுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அவர்கள் அனுப்பிய நேரங்களை ஒரே அட்டவணையாக்கிக் குழுவில் போட்டேன், அவ்வளவுதான். இரண்டு நாளில் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவன் காலை ஏழு மணிக்கு மேற்கில் வெளிறிய நிலாவைப் படமெடுத்து அனுப்பியபோது, பகலில் நிலா தெரியுமா என்று வகுப்பே வியந்தது. வாழ்நாள் முழுதும் தலைக்கு மேல் இருந்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள்.

அடுத்த சுற்று வளர்பிறையில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது. மறுநாள் அதை எழுத்தாக்கிப் பலகையில் வைத்தேன். வகுப்பில் பெரும்பாலோர் பிறை என்பது பூமியின் நிழல் என்றே நம்பியிருந்தார்கள். விளக்கை அணைத்து, ஒரே ஒரு பல்பை எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னேன். பந்தின் ஒளிபட்ட பாதி பிறையாகிப் பெருத்து முழுதாவதைத் தங்கள் கையிலேயே கண்டார்கள். நிழல் விழுவது பூமி சரியாக நடுவே வரும்போது மட்டும், அதன் பெயர் கிரகணம் என்பதும் அங்கேயே பிடிபட்டது. கேள்வி யாருடையது என்று நான் சொல்லவில்லை. பாடத்தின் நடுவே அவளே கையைத் தூக்கி, "அது நான் கேட்டது" என்றாள்.

குழுவின் இன்னொரு பயன் நான் திட்டமிடாதது. ஓர் ஆகஸ்ட் மாதம், "27 ஆம் தேதி செவ்வாய்க் கோள் முழுநிலா அளவுக்குத் தெரியும்" என்ற செய்தியை நான்கு மாணவர்கள் பள்ளி எண்ணுக்கு அனுப்பினார்கள். பொய் என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அதையே புதன் கேள்வியாக்கினேன். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர், தூரம் ஏறக்குறைய 3.84 லட்சம், செவ்வாயின் விட்டம் 6,779, மிக அருகில் வந்தால் 5.6 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். செவ்வாய் நிலாவைவிட 75 மடங்கு சிறிதாகத் தெரியும் என்று விடை வந்தது. பிறகுதான் அந்தச் செய்தியின் பிறப்பைச் சொன்னேன். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே மிக அருகில் வந்தது. 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் தெரியும் என்று அப்போது மின்னஞ்சலில் பரவியது. தொலைநோக்கி என்ற சொல் கைமாறிக் கைமாறி உதிர்ந்துவிட்டது. தாங்கள் கணக்கிட்ட அதே 75 அங்கே இருந்ததைக் கண்டு வகுப்பு ஆர்ப்பரித்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தி வந்தாலும் "இது உண்மையா" என்று கேட்பதோடு நில்லாமல், "இதை எப்படிச் சரிபார்ப்பது" என்று கேட்கும் வழக்கம் சிலருக்கேனும் வந்தது.

மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. இன்ஸ்டாகிராமில் வகுப்புக்கென ஒரு பக்கம் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். அதற்குக் குறைந்தபட்ச வயது 13, எங்கள் இளைய வகுப்புகளில் பாதிப் பேருக்கு அந்த வயது ஆகவில்லை. அங்கேயே முடிந்தது அந்தப் பேச்சு. வயதைக் கூட்டி எழுதிக் கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆசிரியர் பாடம் எதையும் நடத்தத் தகுதியற்றவர் என்பது என் உறுதியான எண்ணம். மேல் வகுப்புகளுக்கு டெலிகிராமின் வினாடிவினா வசதி நன்றாகப் பயன்படுகிறது. தவறான விடையைத் தொட்டதும் விளக்கம் வருவது அருமை. படித்ததை மீண்டும் படிப்பதைவிட, தன்னைத் தானே சோதித்துக்கொள்வது ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிற்க உதவுகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006 இல் காட்டினார்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியை நான் எப்போதும் சேர்ப்பது அதனால்தான். நான் இரண்டு ஆண்டுகள் பாடக்குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஒரு கல்வித் தளம் மூடப்பட்டது. அன்றிலிருந்து எதையும் முதலில் என் கணினியில் எழுதி, பிறகுதான் எங்கும் பதிவேற்றுகிறேன்.

இனி, நான் மறக்க விரும்பாத தோல்வி. மூன்றாம் ஆண்டில், எல்லாம் நன்றாகப் போகிறது என்ற துணிவில் ஒரு மாதம் குழுவை மீண்டும் திறந்துவிட்டேன். ஒரு மாணவன் எழுதிய தவறான விடையை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாணவர்களுக்குள் மட்டும் இருந்த வேறொரு குழுவில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிய வந்தது ஒன்பது நாள் கழித்து. அதுவரை அவன் ஏன் பதில் அனுப்புவதை நிறுத்தினான் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பிடமும் பேசினேன். இருந்தும் அந்த ஆண்டு முழுவதும் அவனிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. இப்போது யாராவது தொடர்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் அனுப்பாவிட்டால் மூன்றாம் நாள் நேரில் போய்ப் பேசுகிறேன்.

அப்படிப் பேசியதில்தான் இன்னொன்றும் புரிந்தது. பதில் அனுப்பாதவர்களில் சிலருக்குக் கையில் போன் இல்லை. வீட்டில் ஒரே போன், அது இரவு பத்து மணிக்குத்தான் வீடு வரும். நான் நீண்ட காணொளிகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் எவ்வளவு வெளியே நின்றிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. காணொளிகளை அறவே நிறுத்தினேன். எழுத்தும் ஒரு படமும் மட்டும். அதே கேள்வி வகுப்பு முடியும்போதே பலகையிலும் இருக்கும். தாளில் எழுதி என் மேசைப் பெட்டியில் போடலாம். பலகைக்கு வரும் பதில் போனில் வந்ததா தாளில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டுமே வகுப்பில் இருக்க வேண்டும் என்று 2023 இல் யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை வலியுறுத்தியபோது, எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. என் வகுப்பறைக்குள் இன்றும் போன் வருவதில்லை.

உழைப்பு எவ்வளவு என்று கேட்டால், ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பதில்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பகுதி. மூன்று பிரிவுகளுக்கு மேல் இதைச் செய்ய முடியாது. நான் முயன்று, ஒரு பருவத்தில் கைவிட்டிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பள்ளி எண்ணைத் தொடுவதில்லை என்ற விதியைப் பிள்ளைகளுக்காக வைத்தேன், அது என்னையும் காத்தது.

ஜன்னலோர மாணவி இப்போது மேல் வகுப்பில் இருக்கிறாள். சென்ற வாரம் நடைவழியில் என்னை நிறுத்தி, "டீச்சர், நிலாவில் நின்று பார்த்தால் பூமிக்கும் பிறை தெரியுமா? இங்கே அமாவாசை என்றால் அங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. இந்தத் திங்கள் மாலை ஒன்பதாம் வகுப்புக் குழுவுக்குப் போகப்போவது அந்தக் கேள்விதான். செவ்வாய் காலை எட்டரை வரை நேரம் இருக்கிறது.